கப்பலில் வருகிற தகரமூஞ்சி

முத்தியால்பேட்டை, புதுச்சேரி
22.10.2007, திங்கட்கிழமை

அன்பு மகன் கமலக்கண்ணனுக்கு அம்மா எழுதுவது.

நீயும் மரீனும் அவள் வயிற்றில் இருக்கிற செல்வமும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்களும் சௌக்கியம் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் உறையைப் பார்த்ததுமே உனக்குச் சந்தேகம் வந்திருக்கும். எப்போதும் அப்பாதான் உன் முகவரியைப் பிரெஞ்சில் சாய்த்துச் சாய்த்து அழகாக எழுதுவார், இந்த முறை நான்தான் பழைய உறை ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துப் போட்டிருக்கிறேன். பயந்துவிடாதே, அப்பா இருக்கிறார், இதோ எதிரில் ஈசிசேரில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார், ஏன் அவர் எழுதவில்லை என்பதைப் பிறகு சொல்கிறேன். இந்தக் கடிதத்தை மரீன் எதிரில் வாய்விட்டுப் படிக்காதே. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய், போனில் சொன்னால் நீ சிரிப்பாய், அவள் பக்கத்தில் இருந்து அத்தை என்ன சொல்றாங்க என்று கேட்பாள், நீயும் விளையாட்டாகச் சொல்லிவிடுவாய், வயிற்றுப்பிள்ளைக்காரி காதில் விழக்கூடிய பேச்சு இல்லை இது. அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். உன் தகரமூஞ்சி, அந்தப் பெரியவன், ஒரு பெட்டிக்குள் கப்பலில் உன் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறான். அவனை நீ வாசலுக்கு உள்ளே எடுக்கக் கூடாது.

அம்மாவுக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று நினைக்காமல் முழுதும் படி. உனக்கு அவன் மேல் எப்போது பைத்தியம் பிடித்தது என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தபோது மெட்ஸ் ஊரில் நாலாவது மாடி வீட்டில் இருந்தோம். அங்கே புதன்கிழமை பள்ளிக்கூடம் கிடையாது, மத்தியானம் டிவியில் உன் பொம்மைப்படம் வரும். அதில் நல்லவர்கள் நாலைந்து பேர் பறந்து பறந்து சண்டை போடுவார்கள், அவர்கள் பேர்கூட உனக்கு நினைவில் இருக்காது. அந்தக் கெட்டவன் ஓக்தார் வந்தால் மட்டும் நீ ஓடிவந்து என் புடவைக்குள் புகுந்துகொண்டு ஒரு கண்ணால் பார்ப்பாய். ஓக்தார் என்று எனக்கு வாயில் வராது, மூஞ்சி முழுக்கத் தகரத்தால் மூடியிருப்பானே என்று தகரமூஞ்சி என்று நான்தான் பேர் வைத்தேன். மூடிக்குக் கீழே என்னம்மா இருக்கு, என்னம்மா இருக்கு என்று கேட்டுக் கேட்டு அழுவாய். படம் முடிகிற வரைக்கும் அவர்கள் அதைக் காட்டவே இல்லை. பெரியவனாகி, லிசே பள்ளிக்கூடத்தில் படித்து, பிரெஞ்சு நாட்டிலேயே வேலைக்குப் போய், கல்யாணமும் ஆன பிறகு, அந்தப் பழைய படத்துக்குப் கம்பெனிக்காரன் புதிதாகப் பொம்மை போடுகிறான் என்று நீ வாங்க ஆரம்பித்தாய் பார், நல்லவன் ஒருத்தனைக்கூட வாங்கவில்லை, வாங்கினதெல்லாம் அவன்தான். கறுப்பு அங்கி போட்டவன், சிவப்பு அங்கி போட்டவன், கொம்பு ஒடிந்தவன், உட்கார்ந்தவன், முட்டி மடக்கினவன், எல்லாம் ஒரே ஆள். பயந்த பிள்ளை பயந்ததையே காசு கொடுத்து வாங்குமா என்று அப்போதே எனக்கு ஒரு மாதிரி இருந்தது, உன்னிடம் சொல்லவில்லை.

போன டிசம்பரில் வந்தபோது ரெண்டு சூட்கேஸ் நிறைய அவர்களைக் கொண்டுவந்து உன் அறைக் கண்ணாடி அலமாரியில் அடுக்கிவிட்டுப் போனாய். அங்கே உங்கள் சர்செல் வீட்டில் இடம் இல்லை, மரீன் திட்டுகிறாள் என்றாய். அட்டைப்பெட்டியைப் பிரிக்கவே கூடாது, பிரித்தால் அதற்கு மதிப்பே போய்விடும் என்று படித்துப் படித்துச் சொன்னாய். பிரிக்காத பொம்மையை வைத்துக்கொண்டு என்னடா விளையாடுவாய் என்று நான் கேட்டதற்கு நீ அடுத்த பெட்டியை எடுத்து அடுக்கினாய். வெள்ளிக்கிழமை தோறும் நான்தான் தூசு தட்டுகிறேன். விளக்கைப் போட்டால் அத்தனை தகர மூஞ்சியும் ஒரே நேரத்தில் என்னைப் பார்க்கும். அஞ்சலாட்சி, அதுதான் பக்கத்து வீட்டில் புதிதாக வந்தவள், ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு யாருக்குக்கா இதெல்லாம் என்று கேட்டாள், முப்பத்து மூணு வயதுப் பிள்ளைக்கு என்று சொல்ல வெட்கமாக இருந்தது, பிறக்கப்போகிற பேரப்பிள்ளைக்கு என்று சொல்லிவைத்தேன். நான் சொன்ன அந்தப் பொய் இப்போது என்னையே வந்து பிடித்துக்கொண்டிருக்கிறது, அதையும் கடைசியில் சொல்கிறேன்.

மாடி வேலை நடக்கிறது உனக்குத் தெரியும். நீங்கள் பிள்ளையோடு வந்தால் தங்க உங்களுக்கென்று தனியாகக் கட்டுவது. வைகாசியில் ஆரம்பித்து ஆனியில் தூண் எழும்பியதும் இராயப்பன் மேஸ்திரி, அம்மா, தெருவே பார்க்குது, ஒரு திருஷ்டி பொம்மை கட்டிடுங்க என்றார். வைக்கோல் அடைத்துப் பழைய சட்டை பேன்ட் மாட்டி, பூசணிக்காய்க்கு மீசை வரைந்து தொங்கவிடுவார்களே, அதைத்தான் சொன்னார். வைக்கோலுக்கு யார் அலைவது என்று நானும் சோம்பேறித்தனப்பட்டு, வீடு நிறைய ராட்சசனை வைத்துக்கொண்டு வெளியே எதற்குத் தேடுவது என்று உன் அலமாரியில் இருப்பதிலேயே பெரியவனை, ஒன்றரை முழ உயரம் இருப்பானே, துணி அங்கி போட்டவன், அவனைப் பெட்டியைக் கிழித்து எடுத்துக் கொடுத்துவிட்டேன். நீ திட்டிவிட்டாய், சரி, அது போகட்டும். மேஸ்திரி அவனைத் தெருப்பக்கம் பார்க்கத் தூணில் கட்டிவிட்டு, இவன் காவல் இருந்தா கடப்பாரையக்கூட எவனும் தொடமாட்டான்மா என்று சிரித்தார். அஞ்சலாட்சி மட்டும் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, யக்கா, திருஷ்டி பொம்மைன்னா பார்க்கிறவன் மூஞ்சத் திருப்பிக்கணும், இத்தப் பார்த்தா இன்னொருதரம் பார்க்கலாம்னு இல்ல தோணுது என்றாள். பொறாமையில் பேசுகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அவள் சொன்னதுதான் நடந்தது. கண் படாமல் இருக்கக் கட்டினது, ஊர்க் கண்ணை எல்லாம் கூப்பிட்டு வைத்துக்கொண்டது. பள்ளிக்கூடம் விட்டுப் போகிற பிள்ளைகள் வாசலில் கும்பலாக நின்றுவிடும். பிள்ளைச்சாவடிக் கடற்கரைப் பக்கம் மொபெட்டில் போகிற வெள்ளைக்காரர்கள் வண்டியை நிறுத்தி, ஓக்தார், ஓக்தார் என்று கத்துவார்கள், நம் தெருவில் அந்தப் பேரை அத்தனை வாயில் கேட்டதும் எனக்கு மெட்ஸ் வீடுதான் ஞாபகம் வந்தது. எல்லாரும் உன் வயதுக்காரர்கள். ஒருத்தர் முகத்திலும் பயம் இல்லை, எல்லார் முகத்திலும் ஆசைதான். திருஷ்டி என்பது வேறு என்ன, ஆசையாகப் பார்க்கிற பார்வைதானே. வைக்கோல் பொம்மை என்றால் ஒருதரம் பார்த்து மறந்துவிடுவார்கள், இவனை வந்து வந்து பார்த்தார்கள். அவன் ஒரு துளி விடாமல் அத்தனையையும் வாங்கிக்கொண்டு வெயிலிலும் உப்புக்காற்றிலும் தொங்கினான். வாசலில் படுக்குமே செவலை நாய், அது அவன் நிழல் விழுகிற இடத்தில் படுப்பதை விட்டது, பிறகு வாசலுக்கே வருவதை விட்டது.

ஆவணியில் இராயப்பன் மேஸ்திரி விழுந்தார். உன்னிடம் கால் சறுக்கி விழுந்தார் என்று மட்டும் சொல்லியிருந்தேன், மீதியை இப்போது சொல்கிறேன். ஒரு வெள்ளைக்காரப் பையன் கேமராவோடு வந்து கீழே இருந்து கையைக் காட்டி, பொம்மையோடு நில்லுங்கள் என்று கேட்டான். இவரும் ஆசையாகச் சாரத்தில் சாய்ந்து பொம்மை தோளில் கைபோட்டுக்கொண்டு நின்றார். போட்டோ எடுத்தான், சரி என்று கையை அசைத்தான், அடுத்த நிமிஷம் பலகை நழுவிவிட்டது. இருபது வருஷமாகச் சாரத்தில் நடக்கிற மனுஷன். மணல் குவியல் மேல் விழுந்ததால் உயிர் தப்பினார், இடுப்பு போய்விட்டது, இன்னும் எழுந்து நடக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன், கழுத்துச் சிலுவையைப் பிடித்துக்கொண்டு, பலகய நான்தாம்மா கட்டினேன், அது நழுவாதும்மா என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து உப்பும் மிளகாயும் எடுத்து வீட்டைச் சுற்றி அடுப்பில் போட்டேன், ஒரு கைப்பிடி மிளகாய், துளி நெடி வரவில்லை கண்ணா, ஒரு தும்மல் இல்லை. எத்தனை கண் பட்டிருந்தால் நெடியே வராமல் போகும். அவனை இறக்கலாம் என்றால், கட்டினதை வேலை முடிகிறதுக்கு முன்னால் அவிழ்க்கக் கூடாது, முடிந்ததும் வீட்டுக்குள் கொண்டுவராமல் அப்படியே முச்சந்தியில் கொளுத்த வேண்டும், இதுதான் முறை. அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

அப்புறம்தான் புரட்டாசியில் நீ போன் செய்து அந்தக் கத்து கத்தினாய். பொம்மை சேர்க்கிறவர்கள் எல்லாம் கூடுகிற இன்டர்நெட் பக்கத்தில் அந்தப் போட்டோ வந்துவிட்டது, நம் வீட்டு ஜன்னல் நீலக் கம்பியைப் பார்த்துக் கண்டுபிடித்தேன், உலகத்திலேயே கொஞ்சம்தான் இருக்கிறது, அதைப் போய்த் தூணில் கட்டி வைத்திருக்கிறாயே, உடனே இறக்கி அனுப்பு என்றாய். ஆயிரக்கணக்கான பேர் பார்த்து வயிறெரிகிறார்கள் என்று பெருமை வேறு பட்டுக்கொண்டாய். நீ பார்த்த போட்டோவில் பொம்மைக்குப் பக்கத்தில் ஒருத்தர் சிரித்துக்கொண்டு நிற்கிறாரே, அவரை நீ பார்த்தாயா, அவர்தான் இராயப்பன், அதுதான் அவர் கடைசியாக நின்ற நிற்பு. நான் முடியாது என்று போனை வைத்தேன். நீ அதோடு அப்பாவிடம் தனியாகப் பேசியிருக்கிறாய், எனக்கு இப்போதுதான் தெரியும்.

சனிக்கிழமை ஆயுதபூஜை. மூணு நாளாக என்னை வெளியே தலைகாட்ட விடாத மழை கொஞ்சம் விட்டிருந்தது, மேஸ்திரியின் கரண்டி, மட்டப்பலகை எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிட்டு, அவன் எதிரில் ஒரு பூசணிக்காய் உடைக்கலாம் என்று மாடிக்குப் போனேன். தூணில் கயிறு மட்டும் தொங்குகிறது. கீழே மணலில் அவன் முகமூடி கிடக்கிறது. வெயிலில் பசை விட்டுப்போய்க் கழன்று விழுந்திருக்கிறது. அலறிக்கொண்டு கீழே வந்தேன், அப்பா ஒன்றுமே நடக்காதது போல, நான்தான் புதன்கிழமையே இறக்கி அனுப்பிட்டேன், புள்ள ஆசப்படுறான், பிளாஸ்டிக்குக்கு ஏதுடி திருஷ்டி என்கிறார். கப்பல் தபாலில் போட்டிருக்கிறார், ரெண்டு மூணு மாசம் ஆகுமாம். மூஞ்சி எப்படி இருந்தது என்று கேட்டேன். பேப்பரை மடித்து வைத்தார். அப்புறம், மூஞ்சின்னு ஒண்ணும் இல்ல, வழவழன்னு முட்டை மாதிரி இருந்துது, அவனுங்க செய்யாம வுட்டுட்டானுங்க என்றார். நீ மெட்ஸில் அழுது அழுது கேட்டதற்குப் பதில் அதுதான் கண்ணா, மூடிக்குக் கீழே ஒன்றும் இல்லை. ஊர்க் கண்ணை எல்லாம் வாங்கி வைத்திருக்கிறவன் அதை எங்கே வைத்திருக்கிறான் என்று நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

இப்போது அப்பா கையைப் பற்றிச் சொல்கிறேன், அவர் பேப்பருக்குள் மூஞ்சியை வைத்துக்கொண்டிருக்கிறார், நான் எழுதுவது தெரியாது. பெட்டிக்குச் சணல் கட்டி முடிச்சுப் போட்டது வலது கையால். அன்று சாயந்திரமே அந்தக் கை மரத்துப்போனதாம், என்னிடம் மறைத்திருக்கிறார். டம்ளர் நழுவிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது. வாயு என்கிறார். டாக்டரிடம் அழைத்துப்போனேன், எழுதிக் கொடுத்த பரிசோதனை எல்லாம் எடுக்கிறோம், அதை நான் விடமாட்டேன், நீ அதற்கு வேறு கவலைப்படாதே. ஆனால் இன்று காலை பட்டாளத்துப் பான்சியோன் பணத்துக்காக, உயிரோடு இருக்கிறேன் என்று எழுதிக் கொடுக்கிற தாளில் கையெழுத்துப் போட உட்கார்ந்தார். முப்பது வருஷம் துப்பாக்கி பிடித்த சொல்தா, பேனாவை விரல் பிடிக்கவில்லை. உயிரோடு இருக்கிறேன் என்பதற்கு அடையாளமாகப் பெருவிரல் ரேகையா வைப்பது என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

மரீன் நன்றாகச் சாப்பிடுகிறாளா? மாடிப்படி அதிகம் ஏற விடாதே, உயரத்தில் இருக்கிற சாமானைக் கை தூக்கி எடுக்க விடாதே, குளிர் ஆரம்பித்திருக்கும், காதை மூடிக்கொண்டு போகச் சொல். பிரசவ லேகியமும் பூண்டு ஊறுகாயும் அடுத்த மாதம் வருகிற யாரிடமாவது கொடுத்து அனுப்புகிறேன். தை பிறந்ததும் பிரசவம் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னாய். கப்பலில் போகிறதும் மார்கழி தைக்குத்தான் வந்து சேரும். ரெண்டும் ஒரே வாசலுக்கு ஒரே நேரத்தில் வருகிறது. இதை நினைத்துத்தான் எனக்குப் படுத்தால் கண் மூடவில்லை. எனக்குப் பேரப்பிள்ளை வேண்டும் கண்ணா. எனக்கு நீயும் அவளும் வேண்டும். அந்த அலமாரியில் மிச்சம் இருக்கிறவர்களை நான் ஒன்றும் செய்யவில்லை, நீ எத்தனை வருஷம் வேண்டுமானாலும் சேர்த்துக்கொள், நான் தூசு தட்டுகிறேன், ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். இந்த ஒருத்தனை மட்டும் விட்டுவிடு. தபால் ஆபீஸில் இருந்து சீட்டு வந்தால் வேண்டாம் என்று எழுதித் திருப்பிவிடு. கைக்கு வந்துவிட்டால் படி ஏற்றாதே, பெட்டியைப் பிரிக்காமல், நீதான் பிரிக்கக் கூடாது என்பவனாயிற்றே, அப்படியே கொண்டுபோய் சேன் ஆற்றில் விட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்து, கால் கழுவிக்கொண்டு உள்ளே போ.

இதோடு முடிந்தது என்றால் நான் இவ்வளவு பதறமாட்டேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை நீ வெளியே போயிருந்தபோது மரீன் போன் எடுத்தாள். அவளே சந்தோஷமாகச் சொல்கிறாள், அத்தை, மாமா எனக்கு ஒரு பெட்டி அனுப்பிருக்காராம், உங்க புள்ள ரொம்ப ஆசப்பட்ட பொம்மையாம், நான் எப்பவும் அவரத் திட்டிட்டே இருக்கேன் இல்ல, இந்தத் தரம் நானே பிரிச்சு, பாப்பா ரூம்ல தொட்டிலுக்கு மேல வெச்சு அவருக்குக் காட்டப் போறேன், நீங்க சொல்லிடாதீங்க அத்தை என்று. வயிற்றுப்பிள்ளைக்காரியிடம் நான் எதைச் சொல்லித் தடுப்பேன், சரிம்மா என்றேன். போனை வைத்துவிட்டு அப்பாவைப் பிடித்து உலுக்கினேன். அப்போதுதான் சொல்கிறார், பகலில் நீ வேலைக்குப் போய்விடுவாய் என்று பெட்டியை மரீன் பேருக்குத்தான் அனுப்பியிருக்கிறாராம். பரிசு என்றால் துவான்காரன் சுங்கவரி கேட்கமாட்டான் என்று மேலே சிவப்பு மையில் கொட்டை எழுத்தில், பிறக்கப்போகும் குழந்தைக்கு என்று எழுதியிருக்கிறார். அஞ்சலாட்சியிடம் நான் சொன்ன பொய்யைத்தான் அவரும் எழுதியிருக்கிறார். பொய்யாக எழுதினாலும் பேர் எழுதி அனுப்பினது அனுப்பினதுதான், இத்தனை கண்ணையும் சேர்த்துக் கட்டி, வேறு யாருக்கும் இல்லை, அந்தப் பிள்ளைக்கு என்று அனுப்பிவிட்டார்.

நீங்கள் மூன்று பேரும் தீர்க்காயுசாக, நோய் நொடி இல்லாமல், நல்லவர்கள் கண்ணிலேயே பட்டு வாழ வேண்டும். அப்பாவும் உங்களை ஆசீர்வதிக்கச் சொன்னார், இடது கையைத்தான் தூக்கினார். மறக்காதே கண்ணா, அவளிடம் கோபித்துக்கொள்ளாமல் பக்குவமாகப் பேசு, என் பேரைச் சொல்லிக்கொள், கிழவிக்குப் பைத்தியம் என்று சொன்னாலும் பரவாயில்லை. மார்கழியில் இருந்து நீ வீட்டில் இல்லாத நேரத்தில் தபால்காரர் மணி அடித்தால், அவள் கதவைத் திறக்கக் கூடாது.

உங்கள் நினைவாகவே இருக்கும்
அம்மா
செல்வாம்பாள் கிருஷ்ணசாமி